பல் உடையாத கியர்

உடைந்த பற்கள் மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பாலகுரு முதலாளியின் அறை வாசலில் நின்றான்.

"மறுபடியுமா?" என்றார் தெய்வசிகாமணி.

"மறுபடியும்தாங்க மொதலாளி."

"எத்தனை?"

"மூணு பல்லுங்க. நாலாவது ஆடுது."

தெய்வசிகாமணிக்கு மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. உப்பளத்தை ஒட்டி ஒரு அரவை மில்லும் இருக்கிறது. வேறு முதலாளியாக இருந்தால் இந்நேரம் பாலகுருவின் பல்லை எண்ண வேண்டியிருக்கும். இவரோ நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். டீ சொன்னார். பிறகு போனை எடுத்துத் திண்டிவனத்து ஏஜென்ட் பச்சமுத்துவைக் கூப்பிட்டார்.

"மிஷின் ரிப்பேருங்க. ஆமாங்க, அதே பல்லுதான். நான் என்னா பண்றது சொல்லுங்க, என் கஷ்டம் எனக்குத்தான் தெரியும்."

பச்சமுத்து போனுக்குள் கத்தியது மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. சித்திரை மாதம் பேசிய விலைக்கு, ஆடி தொடங்கி இரண்டாயிரம் மூட்டை அரைத்த உப்பு அவருக்கு வர வேண்டும். முதல் மழை விழும் வரைதான் அந்தப் பேச்சு செல்லும். மழை விழுந்து பாத்தி கரைந்தால் பேச்சும் கரைந்துவிடும். அதன் பிறகு புது விலை பேச வேண்டும். எழுத்தில் ஒன்றும் கிடையாது, இந்தப் பக்கத்து வழக்கம் அது. மழைக்குப் பின் விலை ஏறும் என்பதால் பச்சமுத்து தவித்தார். ஆவணி முடியப் போகிறது, இருநூறு மூட்டைகூட அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

போனை வைத்த முதலாளியின் முகத்தில் அவ்வளவு துக்கம். பாலகுருவுக்கு மனசு தாங்கவில்லை.

"ரெண்டே நாள்ல சரி பண்ணிடறேங்க."

"அவசரப்படாத. பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாங்க. நாலு நாள் ஆனாலும் நிதானமா பாரு."

போகும்போது ஒரு பையையும் கையில் கொடுத்தார். உள்ளே அரைக் கிலோ வஞ்சிரம். மிஷின் நிற்கும் போதெல்லாம் பாலகுரு வீட்டில் மீன் குழம்பு மணக்கும். இப்படி ஒரு மனுஷனுக்குப் போய் இப்படி ஒரு மிஷின் வாய்த்ததே என்று பஸ்ஸில் போகும்போது அவன் கண் கலங்கினான்.

இரண்டு மாதத்துக்கு முன் வரை பாலகுரு வானூரில் தன் மாமனாரின் மிக்ஸி ரிப்பேர் கடையில் இருந்தான். அந்தக் கடையில் அவனுக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடும் அபிப்பிராயமும் கிடைக்கும். "நம்ம மாப்ள கை வெச்சா, வந்த மிக்ஸி அம்மிக்கல்லாத்தான் திரும்பிப் போவும்" என்று வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே மாமனார் சொல்வார். தெய்வசிகாமணி ஃபிட்டர் தேடுகிறார் என்று காதில் விழுந்த அன்றே பாலகுரு மரக்காணத்துக்கு பஸ் ஏறிவிட்டான்.

"இதுக்கு முன்னாடி என்னா வேலை பாத்த?" என்று தெய்வசிகாமணி கேட்டார்.

"மிக்ஸிங்க. கிரைண்டரும் பாப்பேன்."

"ரிப்பேர் பாத்ததெல்லாம் ஓடிச்சா?"

பொய் சொல்லத்தான் நினைத்தான். வாய் ஒத்துழைக்கவில்லை. "பாதி ஓடும்ங்க."

முதலாளி அவனைக் கொஞ்ச நேரம் வாஞ்சையோடு பார்த்தார். "நாளைக்கே வந்துடு" என்றார்.

உண்மை பேசினால் பலன் உண்டு என்று பாலகுரு மறுநாளே இரும்பை கிராமத்துச் சிவன் கோயிலில் தேங்காய் உடைத்தான். அவன் மனைவி வினோதினி, புருஷன் மில்லில் மிஷின் இன்சார்ஜ் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள். அதைத் தன் அப்பாவிடம் இரண்டு முறை சொன்னாள். இனி இந்த வேலை போனால் அந்தக் கடைக்கே திரும்பிப் போய் அதே ஸ்டூலில் உட்கார வேண்டும். அதை நினைத்தால் பாலகுரு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

வேலை போய்விடுமோ என்று பயப்பட ஒரு காரணமும் இருந்தது. அதன் பெயர் ஜான்சன்.

ஜான்சன் இதே மில்லில் எட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். இப்போது அனுமந்தையில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கிறான். தினமும் காலையில் மில்லைத் தாண்டும்போது பைக்கின் வேகத்தைக் குறைத்து, உள்ளே என்ன சத்தம் என்று காதைக் கொடுப்பான். சத்தம் இல்லையென்றால் தலையை ஆட்டிவிட்டுப் போவான். அவனை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று பாலகுருவுக்கு யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. காலி நாற்காலி கிடைத்தவன், முன்னால் உட்கார்ந்திருந்தவன் ஏன் எழுந்து போனான் என்று விசாரிப்பதில்லை. மிஷினை ஓட வைக்கத் தெரியாமல்தான் போயிருப்பான் என்று அவனாக ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மறுபடி உள்ளே நுழைய நேரம் பார்க்கிறான் என்பது அவனுடைய அடுத்த முடிவு.

மிஷின் அப்படியொன்றும் சிக்கலானது இல்லை. மோட்டாரிலிருந்து ஒரு தண்டு படுத்த வாக்கில் ஓடும். கட்டி உப்பை நொறுக்கும் உருளை அதில்தான் இருக்கிறது. நொறுங்கிய உப்பை மேல் தொட்டிக்குத் தூக்கும் திருகு, ஒரு குழாய்க்குள் நின்ற வாக்கில் சுற்றும். படுத்த தண்டும் நின்ற தண்டும் சந்திக்கும் மூலையில் இரண்டு பல் சக்கரங்கள், சரிந்த பற்களால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு, ஓட்டத்தை மேல் பக்கம் திருப்பிவிடும். இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் பல். அதற்கு மைட்டர் கியர் என்று பெயர் என்பதே பாலகுருவுக்கு மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது. முதல் வாரத்திலேயே அதைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டான். பின்னால் சொருகியிருந்த நாலைந்து மெல்லிய தகடுகளை, ஏதோ குப்பை என்று தூர வீசினான். அன்றிலிருந்துதான் பல் உடைகிறது.

இந்தத் தடவை அவன் புதுச்சேரிக்குப் போய், பழைய இரும்புக் கடையில் குனிந்து நின்று பல் எண்ணி, இருபது பல் உள்ள எஃகு கியர் ஒன்றை வாங்கி வந்தான். பல்லின் அளவும் பொருந்தியது. மில்லில் உப்பு அள்ளிப் போடும் லூர்துமேரி அதைப் பார்த்தாள். இருபது வருஷமாக அங்கே கூடை தூக்குகிறவள்.

"ஒண்ணுதான் வாங்கினியா தம்பி?"

"உடைஞ்சது ஒண்ணுதானேக்கா."

"செருப்பு வார் அறுந்தா ஒத்தைச் செருப்பா வாங்குவே?"

"இது செருப்பு இல்லக்கா, கியரு."

மத்தியானம் ஒரு மணிக்குள் புதுக் கியர், தனக்கு ஜோடியாக இருந்த பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தை மளமளவென்று ராவித் தின்றுவிட்டது. அடியில் இரும்புத் தூள் குவிந்திருந்தது. பழைய சக்கரத்தில் பல் இருந்த இடத்தில் சின்னச் சின்ன மேடுகள்தான் மிச்சம். தெய்வசிகாமணி வந்து பார்த்தார். திண்டிவனத்துக்குப் போன் போட்டார். பாலகுருவுக்கு வஞ்சிரம் வந்தது.

அடுத்த தடவை ஜோடியாகவே வாங்கினான். அதிலும் இந்த ஊர்க் காற்றில் சட்டைப் பித்தான்கூடத் துருப்பிடிக்கிறது என்று யோசித்து, பளபளவென்று ஸ்டெயின்லஸ் ஸ்டீலில் எடுத்தான். விலையைக் கேட்டுத் தனக்கே தலை சுற்றியது. முதலாளியோ மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

"நல்லதா வாங்கு. வாங்கிட்டு வர லேட் ஆனாலும் பரவாயில்ல."

இந்தப் புதுக் கியரின் முதுகு பழையதைவிடக் கொஞ்சம் நீளம். பேரிங்கில் இடித்தது. ராவலாமா, பேரிங்கைத் தள்ளலாமா என்று ஒரு மணி நேரம் குந்தி யோசித்தவனுக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. படுத்த தண்டில் வலப்பக்கம் இருந்த கியரை இடப்பக்கமாகத் திருப்பி மாட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு சுவிட்சைப் போட்டான்.

மிஷின் ஓடியது. பெண்கள் கூடை கூடையாகக் கொட்டினார்கள். ஐந்து நிமிஷம் ஆகியும் மேல் தொட்டிக்கு ஒரு கல் உப்பு வரவில்லை.

"ஏன் தம்பி, உப்பு எங்க போவுது?" என்றாள் லூர்துமேரி.

கியரை எதிர்ப்பக்கம் மாட்டினால் நின்ற தண்டு எதிர்த்திசையில் சுற்றும். திருகு உப்பைத் தூக்குவதற்குப் பதிலாகக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தது. இதை பாலகுரு புரிந்துகொள்வதற்குள், குழாயின் அடிமூடி பிய்த்துக்கொண்டு பறந்து சுவரில் மோதியது. உள்ளே இறுகியிருந்த அவ்வளவு உப்பும் அவன் முழங்கால் வரை வந்து நின்றது.

"இப்ப தெரிஞ்சிடுச்சி" என்றாள் லூர்துமேரி.

திரும்பச் சுற்றுகிறதா, மோட்டாரையே திருப்பிவிட்டால் போகிறது. மூடியை மாட்டிவிட்டு, மோட்டாருக்கு வரும் மூன்று ஒயரில் இரண்டை மாற்றிக் கொடுத்தான். திருகு சரியான திசைக்கு வந்தது. ஆனால் உப்பை நொறுக்கும் உருளையும் அதே தண்டில்தானே இருக்கிறது. அதுவும் திரும்பிக்கொண்டது. வாயில் போட்ட கட்டி உப்பையெல்லாம் அது வந்த வழியே வெளியில் வீச ஆரம்பித்தது. பெண்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். வேடிக்கை பார்க்க வந்த தெய்வசிகாமணியின் கையிலிருந்த டீ கிளாஸில் ஒரு கட்டி வந்து விழுந்து, டீ முழுக்க வெள்ளை வேட்டியில் கொட்டியது.

பாலகுரு மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மாமனார் கடையின் ஸ்டூல் தெரிந்தது.

"சூடு ஒண்ணும் படலையே உனக்கு?" என்றார் முதலாளி.

"எனக்கு இல்லீங்க. உங்க வேட்டி..."

"வேட்டி கெடக்குது. நீ மனச விட்டுடாத. இதே மாதிரி முயற்சி பண்ணிக்கிட்டே இரு."

அன்றைக்கு ஒரு கிலோ வஞ்சிரம்.

மறுநாள் காலை ஜான்சனின் பைக் மில் வாசலில் நின்றேவிட்டது.

"பாலகுரு, புதுசா கியர் மாத்துறியாமே."

"ஆமா. அதுக்கென்னா?"

"பாத்து மாத்து. ரொம்ப நல்லதா வாங்கிடாத."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். பாலகுருவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. எவ்வளவு நஞ்சு. மட்டமான கியர் வாங்க வைத்து, அது உடைந்ததும் தான் உள்ளே வரப் பார்க்கிறான். உலகத்திலேயே நல்ல கியர் எதுவோ அதைத்தான் வாங்குவது என்று அந்த நிமிஷமே சபதம் எடுத்தான்.

புதுச்சேரியில் கியர் மட்டுமே விற்கும் கடை ஒன்றை விசாரித்துக் கண்டுபிடித்தான். கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். பாலகுரு மேசைமேல் ஸ்டெயின்லஸ் ஜோடியை வைத்தான்.

"இதைவிட நல்லது வேணும்மா."

"மோட்டார் எத்தனை எச்.பி. அண்ணே?"

"பெரிய மோட்டாரு."

"நிமிஷத்துக்கு எத்தனை சுத்து?"

"வேகமாத்தான் சுத்துது."

"தண்டு எத்தனை மில்லிமீட்டர்? கியரைத் தண்டுல பூட்டுற கீ எவ்ளோ அகலம்? அந்தத் தண்டோட நடுவுல இருந்து இந்தக் கியரோட முதுகு வரைக்கும் எவ்ளோ தூரம்?"

பாலகுரு பஸ் ஏறி மரக்காணம் வந்து அளந்துகொண்டு திரும்பிப் போனான். கீயின் அகலத்தை மறந்துவிட்டதால் இன்னொரு முறை வந்தான். மூன்றாம் முறை போனபோது அந்தப் பெண் அவனுக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருந்தாள்.

"ஸ்டெயின்லஸ் துருப்பிடிக்காது அண்ணே, ஆனா மெத்துனு இருக்கும். உங்க பாரத்துக்குத் தாங்காது. எஃகு எடுங்க, பல்லுக்கு மட்டும் சூடு குடுத்துக் கெட்டி பண்ணது. ஜோடியா பண்ணதை ஜோடியாத்தான் போடணும். துரு பிடிக்காம இருக்க மேல ஒரு மூடி போட்டு உள்ள கிரீஸ் அடைச்சி வைங்க."

"அப்ப உடையாதா?"

"அந்தத் தூரம் முக்கியம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் பாரமெல்லாம் பல்லு நுனியிலதான் நிக்கும், உடைஞ்சிடும். கியருக்குப் பின்னால மெல்லிசா தகடு வெச்சி சரி பண்ணுவாங்க. உங்க மிஷின்லகூட இருந்திருக்குமே."

பாலகுரு டீயைக் குடித்தான். எங்கே வீசினோம் என்று யோசித்துப் பார்த்தான். "இருந்திருக்கும்" என்றான்.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். ஒயரைப் பழையபடி மாற்றினான். கியரை வலப்பக்கமே மாட்டினான். தகடு வெட்டிச் சொருகி, பல்லில் நீலம் தடவிக் கையால் சுற்றி, கறை எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து, பல்லின் நடுவில் படும்வரை தகட்டைக் கூட்டிக் குறைத்தான். தகரத்தில் மூடி செய்தான். கிரீஸ் அடைத்தான். சுவிட்சைப் போட்டபோது, இவ்வளவு காலம் கத்திக்கொண்டிருந்த அந்த மூலையிலிருந்து சத்தமே வரவில்லை. பாலகுரு தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மிஷினைச் சரி செய்திருந்தான். அவனுக்கு அழுகை வந்தது. லூர்துமேரிக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டான்.

நாளுக்கு நூற்றைம்பது மூட்டை போனது. திண்டிவனத்து லாரி ஒன்று போக ஒன்று வந்தது. பெண்களுக்கு வெற்றிலை போடக்கூட நேரமில்லை. தெய்வசிகாமணி தினமும் காலையில் வந்து நிற்பார்.

"ஓடுதா?"

"ஓடுதுங்க மொதலாளி."

"சத்தம் கித்தம்?"

"இல்லீங்க."

"சூடாவுதா?"

"தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கு."

அவர் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

ஐந்தாம் நாள், "ரெண்டு நாள் மிஷினுக்கு ரெஸ்ட் குடுப்போமா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க? இது அஞ்சு வருஷம் தாங்கும்."

எட்டாம் நாள், "ஒரு தடவை கழட்டித் தொடைச்சி மாட்டேன்" என்றார்.

"வேணாம்ங்க. ஓடுற மிஷின்ல கை வெக்கக் கூடாது. அதை உங்க மில்லுலதான் கத்துக்கிட்டேன்."

முதலாளி போய்த் தன் அறையில் உட்கார்ந்தார். மீன் வருவது நின்றுவிட்டது. வேலை மும்முரத்தில் மறந்திருப்பார் என்று பாலகுரு நினைத்தான். ஜான்சனும் தினமும் போகிறான். மிஷின் நின்றபோது ஆட்டிய தலையை, மிஷின் ஓடும்போதும் அப்படியே ஆட்டிவிட்டுப் போனான். வயிற்றெரிச்சலில் கழுத்து சுளுக்கிக்கொள்ளட்டும் என்று பாலகுரு விட்டுவிட்டான்.

பன்னிரண்டாம் நாள் கடைசி லாரி கிளம்பியது. கணக்குத் தீர்ந்தது என்று பச்சமுத்துவே நேரில் வந்து பாலகுருவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, பருவத்துக்கு முன்னாலேயே மழை கொட்டியது. ஒரு மணி நேரத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர்.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டனுப்பினார். பாலகுரு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். சம்பளம் ஏற்றுவார் என்று வினோதினி சொல்லியிருந்தாள்.

தெய்வசிகாமணி சவரம் செய்திருக்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தை எடுத்து நீட்டினார். உட்காரச் சொல்லவில்லை.

"நாளையில இருந்து நீ வர வேணாம்ப்பா."

பாலகுருவுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "மொதலாளி, நான் என்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் பண்ணல" என்றார் அவர். "நீ ஒரு தப்பும் பண்ணல. போய்ட்டு வா."

வெளியே லூர்துமேரி உப்புக் குவியலின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பாலகுரு அவளிடம் போய் நின்றான்.

"அக்கா, உண்மையச் சொல்லு. ஜான்சன் திரும்ப வர்றானா?"

"அவன் எங்க வரப் போறான். அவனைக் கூப்பிட மாட்டாங்க."

"அப்புறம் என்னை எதுக்கு நிறுத்துறாரு? ஜான்சனை அனுப்பினாரு, சரி, அவனுக்கு மிஷினை ஓட வெக்கத் தெரியல. நான் பன்னெண்டு நாள் நிக்காம ஓட்டிக் காட்டினேனேக்கா."

லூர்துமேரி கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு அவனை நிஜமான இரக்கத்தோடு பார்த்தாள்.

"ஜான்சன் கையில எட்டு வருஷம் ஒரு நாள் நிக்காத மிஷினு தம்பி அது. இந்த வருஷம் மழை வர்ற வரைக்கும் நிக்கணும்னுதானே அவனை அனுப்பிட்டு உன்னைக் கூட்டியாந்தாரு."